முதல் தண்ணீர் ஊற்றிய கை

மேலக்கொம்பைக்கு ஜீப் வழியில் நிற்காமல் ஏறி வந்தது எந்த வருடம் என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். எனக்கு மட்டும் அது தப்பாது. ஏனென்றால் அந்த வருடம் கார்த்திகை மாதம் ஒரு புதன்கிழமை காலையில், ஜீப் ஒன்பதாம் வளைவில் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், வீட்டு வாசலில் உட்கார்ந்து அரிசி களைந்துகொண்டிருந்த என் இரண்டு கைகளுக்கு நடுவே அந்த அரிசி கொதித்துப் பொங்கிச் சோறானது. கஞ்சி வழிந்து சேலையெல்லாம் பிசுபிசுத்தது. அடுப்பு மூட்டாமலே சோறு ஆகிவிட்டதே என்று வடித்து மூடி வைத்துவிட்டு நான் கத்தரிக்காய் நறுக்கப் போனேன்.

எங்கள் ஊர் மலைமேல் இருக்கிறது. அடிவாரத்திலிருந்து பதினான்கு வளைவு ஏற வேண்டும். அதைப் பாதை என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான், மழைக்காலத்தில் அது ஓடை, வெயில்காலத்தில் அது கற்குவியல். மிளகும் ஏலக்காயும் தலைச்சுமையாக இறங்கும், அரிசியும் உப்பும் மண்ணெண்ணெயும் தலைச்சுமையாக ஏறும், பிரசவ வலி கண்டவளைப் போர்வையில் போட்டுக் கம்பில் கட்டி நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். என்னையும் அப்படித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். என் முதல் பிள்ளை ஆறாம் வளைவில் பிறந்து ஆறாம் வளைவிலேயே அடங்கியது. அதனால் என் வீட்டுக்காரர் வனராசு, நான் ஒரு ஜீப் கட்டப்போகிறேன் என்று சொன்னபோது ஊரே சிரித்தது, நான் சிரிக்கவில்லை.

இரண்டு வருடம் கட்டினார். எஸ்டேட்காரர்கள் கைவிட்டுப்போன, உள்ளே கொய்யாமரம் முளைத்துக் காய்த்துக்கொண்டிருந்த ஒரு பழைய ஜீப்பின் உடம்பு, எங்கோ பள்ளத்தில் உருண்ட வேனின் டீசல் இஞ்சின், டிராக்டர் சக்கரம், மூடிப்போன சினிமாக் கொட்டகையின் பெஞ்சு என்று எல்லாவற்றையும் அடிவாரத்து மெக்கானிக் செல்லையா அண்ணனும் அவரும் சேர்த்துச் சேர்த்து ஒட்டினார்கள். நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன், கிரீஸ் துடைத்தேன், கல் உருட்டிக் கொடுத்தேன், கவிமலர் வயிற்றிலிருந்த எட்டாம் மாதத்திலும் போல்ட் முடுக்கினேன். வண்டி ஓடியது. ஏறவும் ஏறியது. ஆனால் ஒன்பதாம் வளைவு வந்ததும் ரேடியேட்டர் கொதித்து, மூடி பறந்து, ஆவி பீறிட்டு, அது பாட்டுக்கு நின்றுவிடும்.

அந்தச் சூட்டை அடக்க அவர்கள் செய்யாத வேலை இல்லை. ரேடியேட்டரை எடுத்துவிட்டு டிராக்டர் ரேடியேட்டரை வைத்தார்கள். லாரியின் ஆறு இறக்கை விசிறியை மாட்டினார்கள். விசிறிக் காற்று பக்கவாட்டில் சிதறுகிறது என்று பெயின்ட் டின்னை வெட்டி அதைச் சுற்றிக் கூடு கட்டினார்கள். பானட்டில் மீன் செவுள் மாதிரி வெட்டு வெட்டி விட்டார்கள், தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தார்கள், ஈரச்சாக்கைப் போர்த்தினார்கள். கடைசியில், ஜீப்பில் ஏறுகிறவர்கள் ஆளுக்கொரு கேன் தண்ணீர் கொண்டுவர வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது. ஒன்பதாம் வளைவில் எல்லோரும் இறங்கி, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, வரிசையில் நின்று ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவோம். கேன் இல்லாதவன் அங்கிருந்து நடக்க வேண்டியதுதான்.

"இஞ்சின் பெருசு, மூக்கு சின்னது தங்கச்சி" என்பார் செல்லையா அண்ணன். "சூட்டுக்குப் போக எடமில்ல. நாம சூட்ட அழிக்க முடியாது பாத்துக்க, ஒரு எடத்துலருந்து இன்னொரு எடத்துக்குத் தள்ளித்தான் விட முடியும். அது எங்கிட்டாவது போய்த்தான் ஆகணும்."

எங்கிட்டு என்று அன்றைக்கு அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கார்த்திகையில் அவர் இரண்டு டிராக்டர் ரேடியேட்டரை ஒன்றாகச் சேர்த்து ஈயம் பற்றவைத்து ஒரே பெரிய ரேடியேட்டராக்கிக் கொண்டுவந்தார். புதிதாக எது வந்தாலும், குடமோ கிணறோ மோட்டாரோ, முதல் தண்ணீரைக் குளிர்ந்த கைக்காரி ஊற்ற வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். என் கை அப்படிப்பட்டது என்று பேர். நாற்றங்காலில் ஏலவிதை தூவ என்னைத்தான் கூப்பிடுவார்கள், பிள்ளைக்கு அக்கி கண்டால் என் கையைத்தான் வைக்கச் சொல்வார்கள்.

"உன் கையாலயே ஊத்து சீனி" என்றார் வனராசு. "உன் கை பட்டா எல்லாம் குளுந்துரும்."

கல்லூற்றிலிருந்து பித்தளைச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஏழு தடவை ஊற்றினேன். ஆறாம் வளைவை நினைத்துக்கொண்டேன். இந்தச் சூடு எங்கே போனாலும் சரி, இந்த வண்டி நிற்கக் கூடாது என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். வேண்டுதலில் இத்தனை தாராளம் கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

மறுநாள் புதன்கிழமை. ஜீப் ஒன்பதாம் வளைவில் நிற்காமல் ஏறியது. பானட்டைத் தொட்டுப் பார்த்தவர்கள் குளத்துப் படிக்கல்லைத் தொட்ட மாதிரி இருக்கிறது என்றார்கள். எல்லோரும் நிரம்பிய கேனோடு வீடு திரும்பினார்கள். வனராசு ஓடிவந்து என் வாசலில் சோற்றைப் பார்த்தார், என் கையைத் தொட்டுவிட்டு விரலை உதறினார், அப்புறம் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அன்றைக்கு நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

ஜீப் ஓடும்போது எனக்குச் சூடு ஏறும், ஜீப் நின்றால் ஒரு நாழிகையில் ஆறும். என் தோல் வேகாது, ஆனால் என்னைத் தொட்டது வேகும். ஊர் இதைப் பார்த்து இரண்டு நாள் பேசியது. மூன்றாம் நாள் வீரம்மா மதினி, என் அண்ணன் பெண்டாட்டி, ஈரமான பள்ளிக்கூடத்துச் சட்டைகளைக் கொண்டுவந்து, "சும்மாதான இருக்க சீனி, இத உன் பக்கத்துல போட்டுக்கிறேன்" என்று என் இரு தோளுக்கும் அப்பால் கொடி கட்டினாள். அப்புறம் யாரும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. அடைமழையில் காயாத மிளகை என்னைச் சுற்றிப் பாய் விரித்துக் காயப்போட்டார்கள், பச்சை ஏலக்காயைத் தட்டில் பரப்பி என் மடியில் வைத்தார்கள், கல்யாணத்துக்கு என்னை நடுவில் உட்காரவைத்துச் சுற்றி இட்லிச் சட்டிகளை அடுக்கினார்கள், அடைகாக்க மறந்த கோழியின் முட்டைகளைக் கூடையோடு என் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்கள், பனியில் நீலம் பாய்ந்து பிறந்த குழந்தையை இரண்டு முழத் தூரத்தில் பிடித்துப் பிடித்துச் சிவக்க வைத்தார்கள். மாதமொரு முறை வரும் நர்சம்மா தெர்மாமீட்டரை என் வாயில் வைத்தாள், அது வெடித்தது. அட்டையில் முதல் மாதம் காய்ச்சல் என்று எழுதி மாத்திரை கொடுத்தாள், இரண்டாம் மாதம் அதே காய்ச்சல் என்று எழுதினாள், மூன்றாம் மாதம் நலம் என்று எழுதிவிட்டு, தன் ஈரக்குடையை என் பக்கத்தில் விரித்து வைத்தாள்.

இதில் பெரிய சௌகரியம் என்னவென்றால், ஜீப் எங்கே வருகிறது என்று என்னைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். கன்னம் சிவந்தால் மூன்றாம் வளைவு. தலையில் தெளித்த தண்ணீர் ஆவியானால் ஏழு. நான் உட்கார்ந்திருக்கும் கோரைப்பாய் கருகும் வாசனை வந்தால் ஒன்பது. "பாய் கருகுது, ஒலை வைங்கடி, ஆம்பளைக வந்துட்டாக" என்று தெருவில் குரல் போகும். நான் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தேன், என் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. அதையும் ஊர் பார்த்தது. பாவம் சீனி என்று சொல்லிக்கொண்டே மிளகைப் புரட்டிப் போட்டது.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் எனக்கு ஒரு மகள் இருந்தாள். கவிமலருக்கு அப்போது மூன்று வயது, இடுப்பை விட்டு இறங்காத வயது. பகலெல்லாம் அவளை நான் தூக்க முடியாது. சாயங்காலம் ஜீப் நின்று நான் ஆறுவதற்குள் அவள் தூங்கிவிடுவாள். தூங்குகிற பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்வது வேறு, அம்மா என்று ஓடிவருகிற பிள்ளையைத் தூக்குவது வேறு. வனராசுவிடம் அழுதேன்.

"சரி" என்றார். "வெள்ளிக்கெழம வண்டி எடுக்க மாட்டேன். அன்னைக்குப் பூரா நீ புள்ளைய வச்சுக்க."

"சத்தியமா?"

"எம்புள்ள மேல சத்தியம்."

அப்புறம் நான் கேட்டேன், "ஏங்க, நான் ஊத்துன தண்ணியாலதான இது வந்துச்சு? அந்தத் தண்ணிய வடிச்சு விட்டுட்டு வேற ஊத்திப் பாத்தா என்ன? வண்டி சூடானா ஆகட்டும். பழையபடி ஆளுக்கொரு கேன் கொண்டு போவோம்."

"மூணு தடவ மாத்திப் பாத்துட்டோம் சீனி. கேக்க மாட்டேங்குது. வேணா செல்லையா அண்ணங்கிட்ட கேட்டுப் பாரு."

செல்லையா அண்ணனிடம் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் கையில் இருந்த திருப்புளியைத் துடைத்துக்கொண்டே, "ஆமா தங்கச்சி, மாத்திட்டோம்" என்றார். ஊர்த்தலைவர் சங்கிலி மாமாவும் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினார். நான் நம்பினேன். எனக்கு நம்பிக்கை என்பது மூச்சு விடுகிற மாதிரி, அதற்கென்று தனியாக முயற்சி எடுத்துக்கொண்டதில்லை.

வெள்ளிக்கிழமைகள் என்னுடையவையாக இருந்தன. விடிந்ததிலிருந்து கவியை இறக்கவே மாட்டேன், அவளை இடுப்பில் வைத்துக்கொண்டே கூட்டுவேன், மெழுகுவேன், அவளை மடியில் போட்டுக்கொண்டே சாப்பிடுவேன். அப்படி ஏழு வெள்ளி போனது. எட்டாம் வெள்ளி மத்தியானம் அவள் என் நெஞ்சில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள், நான் அவளுக்கு ஈரு உருவிக்கொண்டிருந்தேன். சட்டென்று எனக்குள் சூடு எழுந்தது. படிப்படியாக ஏறாமல் நேராக நாலாம் வளைவுச் சூடு. நான் அவளைத் தள்ளிவிடுவதற்குள் அவள் கத்திவிட்டாள். முதுகில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து போனது.

வனராசு வந்ததும் கேட்டேன். "சும்மா ஸ்டார்ட் பண்ணிப் பாத்தேன்" என்றார். சும்மா ஸ்டார்ட் பண்ணினால் என்ன சூடு, நாலாம் வளைவு என்ன சூடு என்று இந்த மலையில் என்னைவிடத் தெரிந்தவர் யார். சங்கிலி மாமா மகளைப் பெண் பார்க்க வந்தவர்களை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். பெண் பார்க்கும் வீட்டில் எல்லோரும் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இங்கே நான் என் மகள் முதுகில் சோற்றுக்கற்றாழை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் கவி என் பக்கத்தில் வரவில்லை. பயந்து ஓடவும் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அவள் ஒரு முறை கண்டுபிடித்திருந்தாள். முதலில் சொம்பில் விரலை நனைத்து என் கைமேல் இரண்டு சொட்டுத் தெளிப்பாள், தோசைக்கல்லுக்குத் தெளிப்பது மாதிரி. சுர்ரென்று சத்தம் வந்தால் தள்ளி உட்கார்ந்து அங்கிருந்தே பேசுவாள். சத்தம் வராவிட்டாலும் அடுப்படிக்குப் போய், சட்டி இறக்குகிற கரித்துணியை எடுத்து வந்து மடித்து, அதனால் என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொள்வாள். வெறுங்கையால் அவள் என்னைத் தொட்டு ஒன்றரை வருடம் ஆனது.

இதற்கிடையில் வனராசு இன்னொரு ஜீப் கட்டத் தொடங்கியிருந்தார். பக்கத்து மலை ஊர்க்காரர்களும் வண்டி கேட்கிறார்கள், ஊருக்கும் ஒன்று போதவில்லை. எனக்குச் சந்தோஷம்தான். புது வண்டிக்குப் பெரிய மூக்கு வைத்துப் பெரிய ரேடியேட்டர் வைப்பேன், அது ஓடத் தொடங்கியதும் பழையதை நிறுத்திவிடுவேன், அப்புறம் நீ எப்போதும் குளிர்ச்சிதான் என்று சொல்லியிருந்தார். நானும் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்த ஆவணியில் ஒரு நாள் வீரம்மா மதினி மிளகு புரட்ட வந்தாள். வானம் மூடியிருந்தது, அவளுக்குப் பேச்சு வாகாக வந்தது.

"புது வண்டி வந்துட்டா எங்களுக்கும் ரெண்டு எடத்துல காயப்போடலாம்" என்றாள். "பாவம் சின்னப்புள்ள. ஆனா பழகிக்கிரும். நீ பழகிக்கலையா."

"எந்தச் சின்னப்புள்ள மதினி?"

அவள் கையில் மிளகு அப்படியே நின்றது. பேச்சை மாற்றப் பார்த்தாள். நான் விடவில்லை. அவள் சேலை நுனியைப் பிடித்தேன், அது புகைந்தது, அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள்.

ஜீப் குளிர்ந்த முதல் மாதமே செல்லையா அண்ணன் ரேடியேட்டரைக் கழுவுவதற்காக அதன் அடியில் இருக்கும் பித்தளைத் திருகைத் திறந்திருக்கிறார். திருகு கழன்றது, தண்ணீர் இறங்கவில்லை. ஒரு சொட்டு இறங்கவில்லை. வனராசு விரலை விட்டுப் பார்த்தார், சங்கிலி மாமா பார்த்தார், ஊரில் ஒவ்வொரு கையாக வந்து பார்த்தது. தண்ணீர் உள்ளே தளும்புகிறது, வெளியே வர மாட்டேன் என்கிறது. "ஊத்துன கை தெறந்தாத்தான் எறங்கும்போல" என்று செல்லையா அண்ணன் சொல்லியிருக்கிறார். அப்படியானால் சீனியைக் கூப்பிடுவோம், இறக்கிவிட்டு மறுபடி அவளையே ஊற்றச் சொல்வோம் என்று யாரோ சொன்னார்களாம். இறக்கிவிட்டால் அவள் மறுபடி ஊற்றுவாளா என்று இன்னொருவர் கேட்டாராம். வனராசுதான் எழுந்து, திருகைப் போட்டு முடுக்கி, அதன்மேல் ஈயம் பற்றவைத்துவிடச் சொன்னாராம். சாவடிக்கு முன்னால், பட்டப்பகலில், ஊர் முழுக்கச் சுற்றி நின்று பார்க்க. வீரம்மா மதினிதான் கரி ஊதியிருக்கிறாள்.

"நான் எங்க இருந்தேன்?" என்றேன்.

"நீ சூடு தாங்காம ஓடைக்குள்ள படுத்திருந்த சீனி."

ஓடைக்குள் நான் படுத்திருந்த நாள் எனக்கு ஞாபகம் இருந்தது. தண்ணீர் வெதுவெதுப்பாகி மீன்களெல்லாம் மேலே போய்விட்டன, நான் கழுத்து வரை கிடந்து, சாயங்காலம் அவர் வந்து தலை துவட்டிவிடுவார் என்று காத்திருந்தேன். வந்தார். துவட்டிவிட்டார். கையில் ஈய வாடை அடித்தது, வண்டி வேலை என்று நினைத்துக்கொண்டேன். ஒன்றரை வருடம் அந்தக் கையால் தலை துவட்டிக்கொண்டேன்.

கேட்க வேண்டியது இன்னும் ஒன்று இருந்தது. "அந்தச் சின்னப்புள்ள யாரு மதினி?"

"கவிக்கும் உன் கைதான்னு உங்க வீட்டுக்காரரு சொல்றாரு. போன மாசம் அவ போட்ட அவரை முந்தி மொளச்சிருச்சாம்ல." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நாளைக்குப் புது வண்டிய மேல இழுத்துட்டு வர்றாக. உனக்குச் சொல்ல வேணாம்னு பேச்சு."

ஏன் இழுத்து வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ரேடியேட்டர் காலியாக இருக்கிறது, முதல் தண்ணீரைக் கல்லூற்று இருக்கும் மேலே வந்துதான் ஊற்ற வேண்டும், தண்ணீர் இல்லாமல் இஞ்சினை ஓட்ட முடியாது. அதனால் பழைய ஜீப்பின் பின்னால் கயிறு கட்டி, பதினான்கு வளைவும் இழுத்து வர வேண்டும். ஒரு வண்டியின் சூடு என்ன என்று எனக்குத் தெரியும். இரண்டு வண்டியை இழுக்கிற சூடு என்ன என்று ஊரில் யாரும் யோசிக்கவில்லை, யோசிக்கிற வேலையை அவர்கள் எப்போதோ விட்டுவிட்டார்கள்.

மறுநாள் காலையில் சாவடியில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கவிக்குப் பட்டுப்பாவாடை கட்டி, கையில் அதே பித்தளைச் சொம்பைக் கொடுத்து நிற்கவைத்திருந்தார்கள். அவளைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்றால் எனக்கு ஏற்கெனவே இரண்டாம் வளைவுச் சூடு. தூக்கினால் வெந்துபோவாள். நான் கீழே இறங்கினேன். இறங்க இறங்க எனக்குச் சூடு ஏறியது. நான் மிதித்த சேறு காய்ந்து ஓடாகியது, கை உரசிய கொடியெல்லாம் வதங்கியது. ஒன்பதாம் வளைவுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது என் சேலையின் ஓரம் கருகத் தொடங்கியிருந்தது. பாதை நடுவில் நின்றேன்.

முக்கி முனகிக்கொண்டு ஜீப் வந்தது. முன்னால் வனராசுவும் சங்கிலி மாமாவும், பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர், கயிற்றுக்குப் பின்னால் புது வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு செல்லையா அண்ணன். ஒருவர் கையிலும் தண்ணீர்க் கேன் இல்லை.

"ஏ சீனி, தள்ளு" என்றார் வனராசு. "இழுவைல இருக்கு. நிறுத்துனா பின்னாடி உருண்டுரும்."

"நிறுத்து" என்றேன். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அவரை நான் நீ என்று சொன்னது அன்றைக்குத்தான். அவர் நிறுத்தினார். ஆட்கள் குதித்து, பழைய வழக்கப்படி சக்கரத்துக்குக் கல் கொடுத்தார்கள். இஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்தது, அணைத்தால் கயிற்றுப் பாரத்தில் மறுபடி எழும்பாது என்று அவருக்குப் பயம். அவர் பயம் எனக்கு உதவியது.

நான் ஜீப்புக்கு அடியில் மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தேன். அப்போதுதான் அவர்களுக்குப் புரிந்தது. சங்கிலி மாமா குனிந்தார்.

"அதுல கை வைக்காத தாயி. ஊரு மறுபடி நடக்கணுமா? வயித்துப்பிள்ளக்காரிகள நெனச்சுப் பாரு."

"நான் பெத்தது ஆறாம் வளைவுல கெடக்கு மாமா, நெனைக்காம இருப்பனா? என்கிட்ட கேட்டிருந்தா மாசத்துல நாலு நாள் நானே வெந்திருப்பேன். நீங்க கேக்கல."

யாராவது என் காலைப் பிடித்து இழுத்திருக்கலாம். என்னைத் தொட ஒருவராலும் முடியவில்லை. அந்த ஈயம் எனக்கு நேர் மேலே இருந்தது, நல்ல வேலை, சுத்தமாகப் பற்றவைத்திருந்தார்கள். உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். இரண்டு வண்டியின் பாரமும் பதினைந்து பேரின் பாரமும் ஒன்பது வளைவும் சேர்ந்து என் கைக்குள் வந்து நின்றது. ஈயம் இளகிப் பளபளவென்று என் மணிக்கட்டில் வழிந்தது. திருகை இரண்டு விரலால் சுற்றினேன்.

தண்ணீர் இறங்கியது. ஏழு சொம்புத் தண்ணீரும், கல்லூற்றில் மொண்ட அன்றைக்கு இருந்த அதே குளிர்ச்சியில், கொஞ்சம் பாசி வாடையோடு, என் கையில் நெஞ்சில் முகத்தில் இறங்கியது. நான் அழுதேனா தெரியாது, முகமெல்லாம் தண்ணீராக இருந்தது. தலைக்கு மேலே இஞ்சினுக்குள் இரண்டு வருடச் சூடும் ஒரே சமயத்தில் திரும்பி வந்தது. ஒரு பெரிய சத்தம், ஒரு விரிசல், அப்புறம் ஒன்றுமில்லை. இரும்பு கிணுங்கிணுங்கென்று அடங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

வெளியே வந்தேன். வனராசு பானட்டின்மேல் கையை வைத்துச் சுட்டுக்கொண்டு, அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கெடுத்துட்டியேடி" என்றார். "ஊரே உன்ன நம்பித்தான இருந்துச்சு."

இத்தனை நாள் சூட்டில் நான் ஒரு நாளும் வேகவில்லை. நம்பி என்ற சொல்லை அந்த வாயிலிருந்து கேட்டபோதுதான் வெந்தேன். ஈரச்சேலையைப் பிழிந்துகொண்டு மேலே நடந்தேன். காற்று அடித்ததும் எனக்குக் குளிர்ந்தது. பல் கிட்டித்தது. அந்தக் குளிரை அனுபவித்துக்கொண்டே ஐந்து வளைவு நடந்தேன்.

ஊர் இன்றுவரை என்னை மன்னிக்கவில்லை, துரோகி என்றுதான் பேர். மிளகு மழையில் பூசணம் பிடிக்கும்போதெல்லாம் என் வாசலைப் பார்த்துத்தான் துப்புவார்கள். கம்பில் கட்டிய போர்வையில் யாரையாவது தூக்கிக்கொண்டு இறங்கும்போது நானும் எழுந்து போய் ஒரு முனையைப் பிடிக்கிறேன். பிடிக்காதே என்று அவர்களும் சொல்வதில்லை, வா என்றும் சொல்வதில்லை. வனராசு புது வண்டியோடு அடிவாரத்திலேயே தங்கிவிட்டார், அது ஒன்பதாம் வளைவைத் தாண்டவில்லையாம், இன்னும் ஏதோ ரேடியேட்டரைச் சேர்த்து ஒட்டிக்கொண்டிருக்கிறாராம். நான் அவரைத் தலைமுழுகிவிட்டேன், பச்சைத் தண்ணீரில்.

அன்றைக்கு நான் மேலே போனபோது சாவடியில் தோரணத்துக்குக் கீழே கவி அப்படியே நின்றிருந்தாள். பெண்கள் என் ஈரச்சேலையைப் பார்த்தார்கள், அது ஈரமாகவே இருப்பதைப் பார்த்தார்கள், ஒவ்வொருவராக விலகி வீட்டுக்குப் போனார்கள். வீரம்மா மதினி கடைசியாகப் போனாள். நான் மகளுக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்து கையை நீட்டினேன்.

கவி சொம்பில் விரலை விட்டு என் கைமேல் இரண்டு சொட்டுத் தெளித்தாள். சத்தம் வரவில்லை. மறுபடி தெளித்தாள். பாவாடைக்குள் செருகி வைத்திருந்த கரித்துணியை எடுத்தாள். பட்டுப்பாவாடைக்குள்ளும் அதை வைத்திருந்திருக்கிறாள். மடித்தாள், என் சுண்டுவிரலைப் பிடித்தாள்.

"அம்மா" என்றாள். "இந்தத் தண்ணிய என்னைய ஊத்தச் சொன்னது நீதான்னு அப்பா சொன்னாரு. ஊத்துனா நானும் உன்ன மாதிரி ஆயிருவேன், அப்புறம் நீ தொட்டா எனக்குச் சுடாதுன்னு சொன்னாரு. அதான் சரின்னேன்."

நான் இல்லையென்று தலையை ஆட்டினேன்.

"நீ சொல்லலையா?"

"நான் சொல்லல கண்ணு."

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். ஐந்து வயதுக்குள் யார் சொல்வதை நம்புவது என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டியதாகிவிட்டது என் மகளுக்கு. நான் அவசரப்படுத்தவில்லை. கரித்துணியைப் பிடுங்கவும் இல்லை. அவள் சொம்பைச் சாய்த்து, மிச்சத் தண்ணீரை எல்லாம் மெதுவாக என் கைமேல் ஊற்றினாள். தண்ணீர் கையில் நின்றது, விரலிடுக்கில் ஒழுகியது, மண்ணில் இறங்கியது, ஆவி எழவில்லை. முழுக்கத் தீர்ந்தபிறகு சொம்பைக் கவிழ்த்து உதறிப் பார்த்தாள். அப்புறம்தான் துணியைக் கீழே போட்டாள்.